கூட வந்தவர்கள்

எங்கள் ஆய்வகத்தின் வராந்தா காலியானபோது நாங்கள் கேக் வெட்டினோம். நினைத்தால் இப்போதும் எரிச்சலாக வருகிறது. அன்றைக்கு அந்தக் கேக்கில் பெரிய துண்டு எனக்குத்தான் கிடைத்தது.

திருப்பூரிலிருந்து அவிநாசி போகும் வழியில் இருந்தது எங்கள் மூலிகை ஆய்வகம். கருக்காய்ச்சல் என்று ஒரு தொற்று ஊரெல்லாம் வந்துபோன பிறகு அதைத் தொடங்கினார்கள். அந்தக் காய்ச்சல் ஆட்களைப் பெரிதாகக் கொல்லவில்லை. படுக்கப் போட்டுவிட்டுப் போய்விட்டது. பலருக்குக் காய்ச்சல் விட்ட பிறகும் தெம்பு திரும்பவில்லை. பல் தேய்த்துவிட்டு வந்து படுத்தால் மத்தியானம்வரை எழுந்திருக்க முடியாது. எவ்வளவு தூங்கினாலும் தூங்கிய மாதிரி இருக்காது. பெரிய ஆஸ்பத்திரிகளில் எல்லா டெஸ்டும் எடுத்து ‘நார்மல்’ என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்தக் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க முடியாமல் சுவரில் சாய்ந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஜனங்கள் அதற்கு அசதி நோய் என்று பேர் வைத்தார்கள். பனியன் கம்பெனிகளில் பாதி மிஷின்கள் உறை போட்டுக் கிடந்தன.

பிறகு இரண்டு விஷயங்கள் வந்தன. ஒன்று, விரல்மாட்டி. துணி காயப்போடும் கிளிப் மாதிரி இருக்கும். விரலில் மாட்டினால், உடம்பின் அணுக்கள் எவ்வளவு சக்தி தயாரிக்கின்றன என்று நூற்றுக்கு இவ்வளவு எனக் காட்டும். நல்ல உடம்புக்கு எண்பதுக்கு மேல் இருக்கும். அசதி நோய்க்காரர்களுக்கு முப்பதைத் தாண்டாது. சோம்பேறி என்று வீட்டில் திட்டு வாங்கிக்கொண்டிருந்தவர்கள் அந்த எண்ணைப் பார்த்துச் சந்தோஷத்தில் அழுதார்கள். இன்னொன்று, நரிச்செவிப் பூண்டு. மேற்கு மலையில் புதர்களின் வேரை ஒட்டி வளரும் சின்னச் செடி. அதன் சாறு, நோய்ப்பட்ட எலிகளை எழுப்பி ஓடவிட்டது. மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்க்க எங்களுக்கு அனுமதி கிடைத்தது.

ஆய்வகத் தலைவர் டாக்டர் சம்பத் நல்லவர். கெட்டவராக இருந்திருந்தால் இந்தக் கதை சுலபமாக முடிந்திருக்கும். நான் இந்துமதி, சித்த மருத்துவம் படித்தவள். நோயாளிகளைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. பூண்டை ஆய்வகத்துக்குப் பின்னால் பாத்தி கட்டி வளர்த்தோம். அதன் பக்கத்தில் வேறு எதுவுமே தழைக்கவில்லை. “களை எடுக்கற வேலை மிச்சம்,” என்றார் சம்பத். நானும் சிரித்தேன்.

நம் பக்கத்தில் யாரும் தனியாக ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை. கூட ஓர் ஆள் வரும், அந்த ஆளுக்குத் துணையாக இன்னோர் ஆள் வரும். புதன்கிழமைகளில் எங்கள் வராந்தா பெஞ்சுகள் சாப்பாட்டுக் கூடையும் பிளாஸ்க்குமாக நிரம்பிவிடும். நடக்க இடமில்லாமல் நான் பல தடவை கத்தியிருக்கிறேன்.

துளசிமணியை அவள் கணவர் சென்னியப்பன் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தார். சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனேன்.

“அது எதுக்குங்க? பேல் தூக்கற ஆளுக்கு இவ ஒரு தலகாணிங்க,” என்றார். அவர் பனியன் கம்பெனியில் துணிப் பேல்களை ஏற்றி இறக்கும் லோடுமேன்.

“தலகாணிக்கு வாய் இருக்குதுன்னு சேத்துச் சொல்லுங்க,” என்றாள் அவள், அவர் தோளில் தலையைச் சாய்த்தபடியே.

ஓவர்லாக் தையல் மிஷினில் வேலை பார்த்தவள். காய்ச்சலுக்குப் பிறகு மூன்று வருடமாகப் படுக்கை. தலையில் எண்ணெய் வழிந்தது. வகிடு நெற்றியில் தொடங்கிக் காதுப்பக்கம் கோணிக்கொண்டு போயிருந்தது. நான் பார்த்ததை அவளும் பார்த்துவிட்டாள்.

“எங்கூட்டுக்காரரு வாரி உட்டதுங்க. மூட்டை கட்டறாப்பல இழுத்துக் கட்டுவாரு. டாக்டரம்மா, எனக்கு ஓடோணும் ஆடோணும்னெல்லாம் ஆசை இல்லீங்க. என் தலைய நானே வாரிக்கோணும், அவ்வளவுதான். கையத் தூக்குனா ரெண்டாவது இழுப்புக்கு மேல நிக்க மாட்டீங்குது.”

விரல்மாட்டி இருபத்து நான்கு காட்டியது.

யாருக்குச் சாறு, யாருக்கு வெறும் கசப்புத் தண்ணீர் என்று எங்களுக்கே தெரியக்கூடாது என்பது விதி. ஆனால் படுத்துக் கிடந்த ஆள் எழுந்து நடந்தால் எப்படித் தெரியாமல் போகும்? துளசிமணியின் எண் நாற்பதுக்கு வந்தது, பிறகு அறுபதுக்கு. கணவர் கையைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தாள். ஒரு புதன்கிழமை பஸ் ஏறித் தனியாகவே வந்து நின்றாள். வகிடு அளந்து கோடு போட்ட மாதிரி இருந்தது. பின்னலில் கனகாம்பரம் வைத்திருந்தாள்.

“அவர் எங்கே?”

“அவருக்கு வேலை சாஸ்திங்க, அலுப்பா இருக்குதுன்னாரு. எனக்கு இனி ஆள் எதுக்குங்க?”

அவள் மட்டுமில்லை. வாரத்துக்கு வாரம் தனியாக வருகிறவர்கள் கூடினார்கள். பெஞ்சுகளில் இடம் விழுந்தது, பிளாஸ்க்குகள் குறைந்தன. கடைசியில் ஒரு புதன்கிழமை சம்பத் எங்கள் எல்லோரையும் கூப்பிட்டு வராந்தாவைக் காட்டினார். ஒரு பெஞ்சில்கூட ஆள் இல்லை. “இதவிட என்ன ரிசல்ட் வேணும்?” என்றார். அப்போது வெட்டியதுதான் அந்தக் கேக்.

சிலருக்கு மட்டும் மருந்து கேட்கவில்லை. வடக்கிலிருந்து வந்து தனித்தனியாக ரூம் எடுத்துத் தங்கியிருந்த பையன்கள், பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிற ஒரு ரிட்டயர்டு வாத்தியார், இந்த மாதிரி ஆட்கள். தனியாக இருக்கிறவர்கள் நேரத்துக்குச் சாப்பிடுவதில்லை என்று நானே ஒரு காரணம் கண்டுபிடித்துச் சொன்னேன். எல்லோரும் தலையாட்டினார்கள்.

குணமானவர்களை வீட்டிலேயே வைத்து ஒரு சின்ன வீடியோ எடுக்கலாம் என்றார் சம்பத். நான் துளசிமணி வீட்டுக்குப் போனேன். வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்று. வாசலிலேயே பழைய ஓவர்லாக் மிஷின் ஒன்றைப் போட்டுத் தைத்துக்கொண்டிருந்தாள். மிஷின் சத்தத்தை மீறிப் பேசினாள், சிரித்தாள், காபி போட எழுந்து ஓடினாள். எல்லாவற்றையும் போனில் எடுத்தேன். அப்படியே போனை வீட்டுக்குள் திருப்பினேன். கட்டிலில் சென்னியப்பன் படுத்திருந்தார். பகல் பதினோரு மணி.

“லீவா?” என்று கேட்டேன்.

“லீவு இல்லீங்க டாக்டரம்மா.” எழுந்து உட்காரப் பார்த்தார், பாதியில் விட்டுவிட்டார். “ஒடம்பு ஒரு மாதிரி அசந்து வருதுங்க. பேல் தூக்க முடியலைன்னு வாட்ச்மேன் வேலை குடுத்தாங்க. அங்கயும் தூங்கிப்போட்டேன். வயசாகுதில்லீங்க.”

அவருக்கு நாற்பதுகூட ஆகவில்லை. பையிலிருந்து விரல்மாட்டியை எடுத்து மாட்டினேன். இருபத்தேழு. கருவியில் கோளாறு என்று நினைத்து என் விரலில் மாட்டிப் பார்த்தேன், எண்பத்தைந்து. மறுபடியும் அவருக்கு மாட்டினேன். மறுபடியும் இருபத்தேழு.

துளசிமணி காபி டம்ளரோடு பக்கத்தில் நின்றிருந்தாள். அந்த எண்ணைப் படிக்க அவளுக்கு நான்தான் கற்றுக் கொடுத்திருந்தேன்.

“காய்ச்சலே இல்லாம எப்படிங்க இவருக்கு வரும்?” என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை என்று சொன்னேன். அது உண்மைதான், ஆனால் அந்தக் காபியைக் குடிக்காமலே கிளம்பிவிட்டேன்.

ஆய்வகத்துக்குத் திரும்பி, தனியாக வர ஆரம்பித்தவர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் போடத் தொடங்கினேன். உங்களுக்கு எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை. முன்பெல்லாம் உங்கள் கூட வருவாரே, அவர் எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். இத்தனை மாதத்தில் நாங்கள் கேட்காத கேள்வி. அம்மாவுக்குக் கொஞ்சம் முடியவில்லை என்றார்கள். தங்கச்சி காலேஜுக்குப் போகாமல் படுத்தே கிடக்கிறாள், செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டோம் என்றார்கள். பாதிப் பேரோடு நிறுத்திவிட்டேன். தேவைப்படவில்லை.

சம்பத்திடம் சொன்னேன், நம்பவில்லை. பிறகு, இரவு பகலாக ஏதேதோ சோதித்துவிட்டு ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். தாடி வளர்ந்திருந்தது.

“பூண்டு சக்தி குடுக்கலை இந்துமதி. வாங்கித் தருது.”

“யார்கிட்டருந்து சார்?”

“பக்கத்துல யார் இருக்காங்களோ அவங்ககிட்டருந்து. சாறு குடிச்சவங்க மூச்சுல, வேர்வைல ஒண்ணு வெளிய வருது. மூக்குக்குத் தெரியாத வாசனைன்னு வெச்சுக்கங்க. அதைச் சுவாசிக்கிற உடம்பு தன் சத்தைக் காத்துல விட ஆரம்பிக்குது. அதை இவங்க உள்ள இழுத்துக்கறாங்க. ஒரே வீட்ல, ஒரே ரூம்ல தூங்கினா கேக்கவே வேணாம். அந்தச் செடியே வேருக்கடியில அப்படித்தான் பிழைக்குது. நாம களை வரலைன்னு சந்தோஷப்பட்டோம்.”

“அப்ப அந்த ரூம் பசங்க? வாத்தியார்?”

“அவங்களுக்குப் பக்கத்துல யாரும் இல்லையே.”

அறை வாசலைத் தாண்டி வராந்தா தெரிந்தது. அந்தக் காலி பெஞ்சுகளை இருவருமே பார்த்துக்கொண்டிருந்தோம். மருந்தை நிறுத்தினால் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்றார். அதாவது, கூட வந்தவர்கள் எழுந்துகொள்வார்கள், எங்கள் நோயாளிகள் மறுபடியும் விழுந்துவிடுவார்கள்.

அதைத் துளசிமணியிடம் சொல்ல நானே போனேன். இரண்டு பேரும் கட்டிலில் உட்கார்ந்து கேட்டார்கள்.

“அப்ப இத்தன மாசமா நான் இந்த மனுசனைத்தான் தின்னுட்டு இருந்தேனா?” என்றாள்.

“அட, நீ ஒண்ணு. என்னமோ நான் வேண்டாம்னாப்பல,” என்றார் சென்னியப்பன். குரலே எழும்பவில்லை.

அவள் உள்ளே போய் மருந்து பாட்டில்களை எடுத்து வந்து என் பையில் வைத்தாள். ஒன்று குறைகிறது என்று அப்போது எனக்கும் தெரியவில்லை, அவளுக்கும் தெரியவில்லை.

அவர் எழுந்தார், அவள் படுத்தாள். மூட்டைக் கட்டுச் சடை திரும்பி வந்தது. கொஞ்ச நாள் கழித்து ஒரு காலையில் அவளிடமிருந்து போன்.

“டாக்டரம்மா, எந்திரிச்சேனுங்க. ஒடம்பு லேசா, நல்லா இருந்துச்சு. சந்தோசப்படறதுக்கு முன்னாலயே அழுகை வந்துருச்சுங்க. இந்தாளு ஒரு பாட்டிலை ஒளிச்சு வெச்சு மோருல கலந்து குடுத்திருக்காரு.”

“போனை அவர்கிட்டக் குடு.”

“பேச முடியலீங்க அவருக்கு. கெடக்கறாரு. சிரிச்சுக்கிட்டே கெடக்கறாரு. நீ மூணு வருசம் கெடந்தீல்ல, நான் கொஞ்ச நாளு கெடக்கறேன்னு சொல்றாரு. இவரை நான் என்னங்க பண்றது?”

எனக்கும் தெரியவில்லை. டாக்டர் என்று பேர்.

சம்பத்துக்கு ஒரு யோசனை வந்தது. ஒருவர் மட்டும் சத்தைக் கொடுத்தால்தானே விழுவார்? பத்துப் பதினைந்து பேர் மாறி மாறிப் பக்கத்தில் உட்கார்ந்தால் ஆளுக்குக் கொஞ்சம்தான் போகும், ஒரு தூக்கத்தில் திரும்பிவிடும். எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. உடம்பு சரியில்லாதவரைப் பார்க்க பன்னும் ஆரஞ்சும் வாங்கிக்கொண்டு போகிற ஊர்தானே நாம்? துளசிமணி இருந்த லைன் வீட்டுக்காரர்களிடம் நானே பேசினேன். உடனே சம்மதித்தார்கள். பகலில் மாறி மாறி வந்து உட்கார்ந்து சீரியல் கதை பேசினார்கள். சென்னியப்பன் ராத்திரியில் பக்கத்துத் தெருவில் அக்கா வீட்டில் போய்ப் படுத்தார். துளசிமணி ஐம்பத்தெட்டுக்கு வந்தாள். மற்றவர்கள் யாருக்கும் எண்பதுக்குக் கீழே போகவில்லை. நான் சாமி கும்பிடுவதை விட்டு ரொம்ப நாளாகியிருந்தது. அந்த மாதம் கும்பிட்டேன்.

பிறகு, எதிர்வீட்டுப் பெண் வேலையில் மயங்கி விழுந்தாள். பரிசோதித்துப் பார்த்து, அது ரத்தசோகைதான் என்று படித்துப் படித்துச் சொன்னேன். பக்கத்து வீட்டுக் குழந்தைக்குச் சாதாரணச் சளி பிடித்தது. அதற்கும் காரணம் துளசிமணி என்றாகிவிட்டது. யாரும் வரமாட்டேன் என்று முகத்துக்கு நேராகச் சொல்லவில்லை. இன்றைக்கு வேலை இருக்கிறது என்றார்கள், விருந்தாளி வந்திருக்கிறார்கள் என்றார்கள். பிறகு அதையும் சொல்லவில்லை. அவள் கம்பெனிக்கு வேலை கேட்டுப் போனபோது, பக்கத்து மிஷின்காரிகள் அசந்துபோவார்கள் என்று கேட்டிலேயே அனுப்பிவிட்டார்கள். பஸ்ஸில் தெரிந்தவர்கள் எழுந்து வேறு சீட்டுக்குப் போனார்களாம். என்னிடம் இதை நடித்துக் காட்டிச் சிரித்தாள். கடைசியில் பாட்டிலைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்துவிட்டாள்.

“குடிச்சா எந்திரிச்சுக்கலாங்க. எந்திரிச்சு எங்கீங்க போறது?”

ஆய்வு நிறுத்தப்பட்டது. அடுத்த வருடமே எங்கள் ஆய்வகம் வேறு பேரில் சிகிச்சை மையமாகத் திறந்தது. கண்ணாடிக் கதவு, ஏசி அறைகள். மருந்தைத் தடை செய்யவும் யாருக்கும் மனம் வரவில்லை, கொடுக்கவும் தைரியம் வரவில்லை. ஆகவே, கூட இருக்க ஆட்களை ஏற்பாடு செய்துகொள்ள முடிந்தவர்களுக்கு மட்டும் கொடுக்கலாம் என்று ஒரு விதி வந்தது. அதை எழுதியவர்களுக்கு அது நியாயமாகத்தான் தோன்றியிருக்கும்.

வராந்தா மறுபடி நிரம்பியது. இந்தத் தடவை சாப்பாட்டுக் கூடை இல்லை, பேச்சு இல்லை. கூலிக்குக் கூட இருக்க வந்தவர்கள் வரிசையாக உட்கார்ந்து விரலை நீட்டினார்கள். நான் மாட்டிப் பார்த்து, எழுபதுக்குக் கீழே இருந்தால் வீட்டுக்கு அனுப்புவேன். மற்றவர்கள் உள்ளே போய் இரண்டு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருப்பார்கள்.

“ஒரு வாரம் ஓய்வு எடுத்தா முழுசாத் திரும்பிடும். யாரையும் நாம கட்டாயப்படுத்தலையே,” என்றார் சம்பத்.

“ரெண்டு நாள்ல திரும்ப வந்துடறாங்களே சார்.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நானும் வேலையை விட்டிருக்கலாம். விட்டால், அந்த விரல்மாட்டியை மாட்டுகிற அடுத்த ஆள் அறுபதையும் உள்ளே அனுப்புவார் என்று சொல்லிக்கொண்டு இருந்துவிட்டேன். அது பொய்யில்லை. அதை நினைத்து நிம்மதியாகத் தூங்கவும் முடியவில்லை.

ஒரு நாள் நீட்டிய விரல் தடித்து, காய்ப்புக் காய்த்து இருந்தது. நிமிர்ந்து பார்த்தேன். சென்னியப்பன்.

“நீங்க எதுக்கு இங்க?”

“உக்காந்திருக்கறதுதானுங்களே வேலை? பேலை விட லேசுங்க. கம்பெனியில ஆளைக் குறைச்சுப்போட்டாங்க.”

“துளசிமணி?”

“படுத்திருக்கா.” கொஞ்சம் தயங்கினார். “மோருல கலக்கறதையெல்லாம் உட்டுட்டேனுங்க. அவ குடிச்சா எனக்கு இந்த நம்பர் நிக்காதுங்களே. நம்பர் இல்லீன்னா நீங்க உள்ள உடமாட்டீங்க.”

எண்பத்தெட்டு காட்டியது. அவரை உள்ளே அனுப்பினேன். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். யாரோ ஒரு முதலாளியின் மனைவி, வருடக்கணக்காகப் படுத்துக் கிடந்தவர், தானே எழுந்து ஜன்னல்வரை நடந்துபோய் வெயிலில் நின்றார். கண்ணில் தண்ணீர். சென்னியப்பன் நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண்மணி மேல் கோபப்படவும் என்னால் முடியவில்லை.

மறுநாள் லீவு போட்டுவிட்டு, ஒரு பாட்டில் மருந்தைப் பையில் வைத்துக்கொண்டு துளசிமணி வீட்டுக்குப் போனேன். சென்னியப்பன் வேலைக்குக் கிளம்பிப் போயிருந்தார். வாசலில் மிஷின் இல்லை. லைன் வீட்டுக்காரர்கள் என்னைப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். கூப்பிட்டதும் மெதுவாகத் திரும்பினாள். வகிடு காதுப்பக்கம் போயிருந்தது.

“நான் வாரத்துல ரெண்டு மூணு நாள் வந்து உக்காரறேன் துளசிமணி. நீ குடி. என் நம்பர் நல்லாத்தான் இருக்கு,” என்றேன். இதைப் பஸ்ஸில் வரும்போதே மனதில் பலமுறை சொல்லிப் பார்த்திருந்தேன்.

நான் பையிலிருந்து எடுத்த பாட்டிலை அவள் பார்த்தாள்.

“மத்த நாளைக்கு யாருங்க உக்காருவா? அவருதான. அவரு இங்க குடுத்துட்டு, அங்க போயும் குடுத்தா மனுசன் மிஞ்சமாட்டாருங்க. பாட்டிலைப் பைக்குள்ள வையுங்க.”

வைத்தேன். வேறு என்ன செய்ய? வெளியே யாரோ குக்கரை இறக்குகிற சத்தம் கேட்டது.

“ஏனுங்க டாக்டரம்மா, அத்தன தூரத்துல உக்காந்துட்டீங்க?”

அப்போதுதான் கவனித்தேன். கட்டிலுக்குப் பக்கத்தில் கிடந்த நாற்காலியை வாசற்படிவரை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தேன். எப்போது இழுத்தேன் என்று எனக்கு நினைவில்லை. பாதி உடம்பு வெளியே இருந்தது.

“கிட்ட வாங்க. மருந்தை உட்டு ரொம்ப நாளாச்சுங்க, உங்களுக்கு ஒண்ணும் ஆகாது,” என்று அவள் எனக்குத் தைரியம் சொன்னாள். “இந்த வகிட்டை மட்டும் நேரா எடுத்துட்டுப் போயிருங்க.”

நாற்காலியைப் பக்கத்தில் போட்டேன். தலையணைக்கு அடியிலிருந்து சீப்பை எடுத்துக் கொடுத்தாள். சடையை அவிழ்த்துச் சிக்கெடுத்து, நெற்றியிலிருந்து உச்சிவரை நேராக ஒரு வகிடு எடுத்தேன். அதை எடுத்து முடிக்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவள் தலை என் கைக்குள்தான் இருந்தது, நான் மூச்சு விடாதது அவளுக்குத் தெரியாமலிருக்காது.